தெளிந்த நீரும் தூய நீரும்

நுழையும்முன்

குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. குவளையில் பிடித்தால் பளிங்குபோல் தெரிகிறது. அதைக் குடிக்கலாமா என்பதைக் கண் மட்டும் சொல்லிவிட முடியுமா? கேரளத்தில் பெரியாற்றங்கரையில் வாழும் ஓர் ஊரின் மக்கள் இக்கேள்விக்கு விடை காணப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது. அவ்வூரின் வரலாற்றையும், குடிநீரின் தூய்மை எங்கே தொடங்குகிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றிடை அமைந்த ஊர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவகிரிப் பகுதியில் தோன்றும் பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலோரக் காயல்களை அடைகிறது. இவ்வாற்றின் மலைப்பகுதியில் 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டதே முல்லைப்பெரியாறு அணை. அவ்வணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பித் தேனி, மதுரை முதலிய மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. மேற்கே இறங்கும் ஆறு ஆலுவாவை அடைந்து கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகளால் சூழப்பட்டுத் தீவுபோல் அமைந்திருக்கும் ஊரே ஏலூர்.

கொச்சி நகரின் வடபால், எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள ஏலூர், நெடுங்காலம் கிராம ஊராட்சியாக இருந்தது. 2010ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. கேரளத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் வீட்டுக்கு வீடு கிணறு தோண்டுவது வழக்கம். மழை மிகுந்த நிலமாதலால் சில அடி ஆழத்திலேயே நீர் கிடைத்தது. சமைக்கவும் குடிக்கவும் கிணறு; குளிக்கவும் மீன்பிடிக்கவும் ஆறு; நெல் விளைவிக்கத் தாழ்நில வயல்கள் என்று ஊர் வாழ்வு நீரோடு பிணைந்திருந்தது.

தொழிற்சாலைகளின் வருகை

ஆற்றுநீரும் படகுப் போக்குவரத்தும் தொழில்களுக்கும் ஏற்றவை. 1940ஆம் ஆண்டில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் திருவிதாங்கூரில் மின்சாரமும் கிடைத்தது. அக்காலத்தில் நாட்டில் உணவுப் பற்றாக்குறை மிகுந்திருந்தது. பயிர் விளைச்சலைப் பெருக்க உரம் தேவைப்பட்டது. திவான் சி. பி. இராமசாமி அவர்களின் ஊக்கத்தால், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் 1943ஆம் ஆண்டில் ஏலூரில் உரத் தொழிற்சாலையை நிறுவினர். 'ஃபாக்ட்' என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்நிறுவனம் 1947ஆம் ஆண்டில் அம்மோனியம் சல்பேட் உரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கியது. தொழில் பெருகிய அப்பகுதி 'உத்யோகமண்டல்' எனப் பெயர் பெற்றது.

விடுதலைக்குப்பின் மலேரியாவை ஒழிப்பது அரசின் பெரும்பணியாக இருந்தது. கொசுக்களைக் கொல்லும் டி.டி.டி. மருந்தை உள்நாட்டிலேயே தயாரிக்க 1954ஆம் ஆண்டில் 'இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ்' என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் ஆலைகளுள் ஒன்று உத்யோகமண்டலில் எழுந்தது. டி.டி.டி.யைத் தொடர்ந்து எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியும் அங்கே தயாரிக்கப்பட்டது. காலப்போக்கில் ஏலூரிலும் எதிர்க்கரையிலுள்ள எடையாறிலும் சிறியவும் பெரியவுமாக இருநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலகங்கள் பெருகின.

இவ்வாலைகள் நாட்டுக்கு உரமும் மருந்தும் தந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்தன. ஆனால் அவற்றின் கழிவுநீர் எங்கே செல்லும் என்பதைத் தொடக்கக் காலத்தில் எவரும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. நீர்மாசைத் தடுக்கும் தனிச்சட்டமே இந்தியாவில் 1974ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

குழிக்கண்டம் தோடு

மலையாள மொழியில் 'தோடு' என்பது ஓடையைக் குறிக்கும். ஏலூரின் தொழிற்சாலைப் பகுதியையும் குடியிருப்புகளையும் கடந்து பெரியாற்றில் கலக்கும் ஓடைக்குக் குழிக்கண்டம் தோடு என்று பெயர். ஒருகாலத்தில் வயலுக்கு நீர் கொடுத்த அவ்வோடை, தொழிற்சாலைக் கழிவுகள் செல்லும் வழியாக மாறியது. மழைக்காலத்தில் ஓடை கரைபுரண்டு தாழ்ந்த நிலங்களிலும் முற்றங்களிலும் பரவியது. ஓடையின் இருமருங்கும் வாழ்ந்த மக்கள், தம் கிணற்றுநீரின் நிறமும் மணமும் மாறிவிட்டதாக முறையிட்டனர்.

1999ஆம் ஆண்டில் 'கிரீன்பீஸ்' அமைப்பினர் இவ்வோடையின் நீரையும் அடிமண்ணையும் எடுத்து ஆய்வு செய்தனர். அம்மண்ணில் நூற்றுக்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் காணப்பட்டன. அவற்றுள் டி.டி.டி.யும் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் இருந்தன. 2009ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, அவற்றுள் 43 பகுதிகளை 'மிகக் கடுமையாக மாசுபட்டவை' என வகைப்படுத்தியது. அப்பட்டியலில் பெருங்கொச்சிப் பகுதியும் இடம்பெற்றது.

நிலத்தடி நீர் தனித்து நிற்பதன்று. ஓடையில் விழும் நச்சு அடிமண்ணில் படிகிறது. மழைநீருடன் சேர்ந்து மண்ணின் நுண்துளைகளின் வழியே மெல்ல நகர்கிறது. கிணற்றின் ஊற்றையும் எட்டக்கூடும். டி.டி.டி. போன்ற பொருள்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. அவை மண்ணோடும் சேற்றோடும் ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் சிதையாமல் தங்குகின்றன. சேற்றில் வாழும் புழுக்களை மீன் உண்கிறது. மீனை மனிதன் உண்கிறான். ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் சேரும் நச்சின் அளவு கூடிக்கொண்டே செல்கிறது. எனவே ஆலையின் குழாயை இன்று அடைத்துவிட்டாலும், நேற்றுவரை படிந்த நச்சு உடனே அகன்றுவிடாது.

இருவகை மாசுகள்

குடிநீரில் கலக்கும் மாசுகளைப் பொதுவாக இருவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உயிர் மாசு. பாக்டீரியா, வைரஸ் முதலிய நுண்ணுயிரிகள் கழிவுநீர் வழியாகக் குடிநீரில் கலந்து காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகிய நோய்களைத் தருகின்றன. இவற்றின் தீங்கு சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் வெளிப்படும். நீரை நன்கு கொதிக்க வைத்தால் இக்கிருமிகள் மடியும். குளோரின் கலந்து அரைமணி நேரம் வைத்திருந்தாலும் இவற்றுள் பெரும்பாலானவை அழியும்.

இரண்டாவது, வேதி மாசு. காரீயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களும், பூச்சிக்கொல்லிகளும், நைட்ரேட், புளூரைடு முதலிய உப்புகளும் இவ்வகையின. இவற்றின் தீங்கு பெரும்பாலும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஆண்டுகள் கழித்தே தெரியவரும். கொதிக்க வைப்பதால் உலோகங்களும் உப்புகளும் நீங்குவதில்லை. நீர் ஆவியாகி அளவு குறைவதால் எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடவும் செய்யும். குளோரினும் இவற்றை அகற்றாது.

இவ்வேறுபாட்டை அறியாதவர்கள், "காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எண்ணி ஏமாறுகின்றனர். தமிழகச் சிற்றூர்களில் கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிடும் வழக்கம் இருந்தது. அது மண்துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்யும் சிறந்த முறை. ஆனால் தெளிந்த நீர் அனைத்தும் தூய நீர் ஆகிவிடாது. கலங்கல் கண்ணுக்குத் தெரியும். கிருமியும் நஞ்சும் தெரியா.

மினமாட்டா தரும் எச்சரிக்கை

வேதி மாசு எத்தகைய துன்பம் தரும் என்பதை உலகுக்கு உணர்த்தியது ஜப்பான் நாட்டின் மினமாட்டா என்னும் கடலோர ஊர். அங்கிருந்த வேதித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கழிவுநீரைப் பல ஆண்டுகள் விரிகுடாவில் விட்டது. பாதரசம் மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்ந்தது. அவற்றை அன்றாட உணவாகக் கொண்ட மீனவக் குடும்பங்கள் நரம்பு நோய்க்கு ஆளாயின. கை கால் நடுக்கம், பார்வைக் குறைவு, பேச்சுத் தடுமாற்றம் என்று தொடங்கிய அந்நோய் பலருடைய உயிரைப் பறித்தது. தாயின் கருவிலிருந்த குழந்தைகளும் பாதிக்கப்பட்டனர். நோய் 1956ஆம் ஆண்டில் முறையாக அறியப்பட்டது. ஆனால் ஆலைக்கழிவே காரணம் என்று அரசு அறிவித்தது 1968ஆம் ஆண்டில்தான். காரணத்தை ஏற்கத் தாமதித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவ்வூரின் துன்பத்தைப் பெருக்கின. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டில் உருவான உலக உடன்படிக்கை அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது.

நீதிமன்றமும் குடிநீர்க் குழாயும்

தூய நீர் பெறுவது குடிமக்களின் உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையை வழங்குகிறது. மாசற்ற நீரையும் காற்றையும் பெறுவது அவ்வுரிமையுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டில் விளக்கியது. 1996ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் மற்றொரு நெறியை வலியுறுத்தியது. பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டதே அவ்வழக்கின் பொருள். 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்னும் நெறி நாட்டின் சட்டத்தில் அடங்கியது என அத்தீர்ப்பு உரைத்தது.

அபாயகரமான கழிவுகளைப் பற்றிய வழக்கில் 2003ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் உச்ச நீதிமன்றம் விரிவான ஆணை பிறப்பித்துக் கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. அக்குழு 2004ஆம் ஆண்டில் ஏலூருக்கு வந்து ஓடையையும் குடியிருப்புகளையும் பார்வையிட்டது. மாசுபட்ட பகுதியில் வாழும் மக்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் வழங்க வேண்டும் என்றும், அதன் செலவைத் தொழிற்சாலைகள் ஏற்க வேண்டும் என்றும் பணித்தது. தொழிற்சாலைகளைக் கண்காணிக்க உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழுவும் உருவாக்கப்பட்டது. பாலாற்றங்கரையில் வலியுறுத்தப்பட்ட நெறி இவ்வாறு பெரியாற்றங்கரை மக்களுக்கும் பயன்பட்டது.

குழாய் வந்தது ஒரு வெற்றியே. ஆயினும் அவ்வெற்றிக்குள் ஓர் இழப்பும் இருந்தது. முற்றத்துக் கிணற்றில் வேண்டும்பொழுது இறைத்துக்கொண்ட மக்கள், வேறிடத்திலிருந்து வரும் நீருக்குக் காத்திருக்க வேண்டியவர்கள் ஆயினர்.

குழாய்நீரின் பயணம்

கொச்சிப் பகுதிக்குக் குடிநீர் தரும் முதன்மையான நிலையம் ஆலுவாவில் உள்ளது. கேரள நீர் ஆணையம் அதனை நடத்துகிறது. தொழிற்சாலைப் பகுதிக்கு மேலே, ஆறு வந்து சேரும் திசையில் அந்நிலையம் அமைந்திருப்பது கருதத்தக்கது. மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சி போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஆகவே அப்பகுதி மக்களும் நெடுங்காலமாகப் பெரியாற்றின் நன்னீரையே நம்பியுள்ளனர்.

ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீர் பல படிகளைக் கடந்தே வீட்டை அடைகிறது.

1. நீரில் படிகாரம் சேர்க்கப்படுகிறது. அது மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுதிரட்டுகிறது.
2. திரண்ட துகள்கள் பெரிய தொட்டிகளில் அடியில் படிகின்றன.
3. மேலே தெளிந்த நீர் மணல் வடிகட்டிகளின் வழியே செல்கிறது.
4. வடிகட்டிய நீரில் குளோரின் கலந்து கிருமிகள் அழிக்கப்படுகின்றன.
5. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் ஏற்றப்பட்ட நீர் குழாய்களின் வழியே ஊர்தோறும் செல்கிறது.

நிலையத்தை விட்டுப் புறப்படும்போது தூய்மையாக இருக்கும் நீர், வழியில் மீண்டும் மாசடையலாம். குழாயில் நீர் அழுத்தத்துடன் ஓடும்வரை, விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். நீர் நிறுத்தப்பட்டு அழுத்தம் குறைந்தால் நிலைமை மாறும். சுற்றியுள்ள சாக்கடைநீரும் சேறும் அவ்விரிசலின் வழியே உள்ளே புகும். மண்ணே மாசுபட்ட இடங்களில் இவ்வாபத்து இன்னும் மிகுதி. ஆகவேதான் குழாயின் கடைமுனையிலும் சிறிதளவு குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதித்துள்ளனர். குழாய்நீரில் எழும் இலேசான குளோரின் மணம் பலருக்குப் பிடிப்பதில்லை; எனினும் அது நீருக்குக் காவல் இருப்பதன் அடையாளமே.

தெரிந்துகொள்வோம்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்துள்ள தர அளவு 'ஐ.எஸ். 10500' என்னும் எண்ணால் வழங்குகிறது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அதன் சில வரையறைகள்:

- அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு: 6.5 முதல் 8.5 வரை
- கரைந்துள்ள உப்புகள்: லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதவிடத்து 2000 மில்லிகிராம் வரை
- நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிகாமல்
- காரீயம்: லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகாமல்
- எஞ்சிய குளோரின்: லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம்
- ஈ.கோலி பாக்டீரியா: 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றும் இருத்தல் கூடாது

வெள்ளமும் மீன்களும்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பெரியாற்றின் கரையோர ஊர்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் கிணறுகளை இறைத்துத் தூர்வாரி, பிளீச்சிங் பவுடர் இட்டுக் கிருமி நீக்கும் பணி மாநிலம் முழுவதும் நடைபெற்றது. சேறும் கிருமியும் புகுந்த கிணற்றை இவ்வாறு சில நாள்களில் மீட்க முடியும். வேதி நஞ்சு ஊறிய கிணற்றை மீட்க இம்முறை போதாது. உயிர் மாசுக்கும் வேதி மாசுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாக விளங்குகிறது.

ஏலூருக்கு அருகே பாதாளம் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே மதகுகளுடன் கூடிய பாலம் உள்ளது. கோடையில் கடலின் உப்புநீர் ஆற்றில் ஏறிவராமல் தடுப்பது அதன் பயன்களுள் ஒன்று. 2024ஆம் ஆண்டு மே திங்களில் அப்பகுதியில் மீன்கள் பெருந்திரளாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் தம் முதலை இழந்தனர். மதகு திறக்கப்பட்டபோது நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வோ, அம்மோனியா, சல்பைடு ஆகியவை அளவுக்கு மீறி இருந்ததைச் சுட்டியது. காரணம் பற்றிய கருத்துகள் மாறுபட்டாலும், ஆறு இன்னும் நலம் பெறவில்லை என்பதை அம்மீன்கள் உணர்த்தின.

மூலத்தைக் காப்போம்

இராமநாதபுரம், சிவகங்கை முதலிய வறண்ட மாவட்டங்களில் 'ஊருணி' என்னும் குடிநீர்க் குளங்கள் உண்டு. ஊர் மக்கள் உண்ணும் நீரைக் கொண்டிருப்பதால் அப்பெயர் பெற்றது. அதில் குளிப்பதும், துணி துவைப்பதும், கால்நடைகளைக் குளிப்பாட்டுவதும் கூடாது என்று ஊரார் கட்டுப்பாடு விதித்தனர். அச்செயல்களுக்கு வேறு குளம் இருந்தது. நீரைக் கெடுத்துப் பின்பு தூய்மை செய்வதைவிட, கெடாமல் காப்பதே எளிது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

அவ்வறிவு இன்றும் பொருந்தும். ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய் இணைப்பு வழங்கி, ஒருவருக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் கிடைக்கச் செய்யும் நோக்குடன் 2019ஆம் ஆண்டில் 'ஜல் ஜீவன்' திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதிக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. கள ஆய்வுப் பெட்டியைக் கொண்டு பி.எச்., குளோரின், நைட்ரேட், புளூரைடு போன்றவற்றை ஊரிலேயே கண்டறியலாம். பூச்சிக்கொல்லிகளையும் கன உலோகங்களையும் அளக்க மட்டும் ஆய்வுக்கூடம் வேண்டும்.

குழாய்நீரின் தூய்மைக்குப் பலர் பொறுப்பாளர்கள். கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றுவது தொழிற்சாலையின் கடமை. அதனைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. நீரைத் தூய்மையாக்கிக் குழாயைச் செப்பனிட்டு வைப்பது குடிநீர் வழங்குவோர் கடமை. வீட்டுத் தொட்டியைக் காலந்தோறும் கழுவுவதும், நீரின் நிறமோ மணமோ மாறினால் உடனே தெரிவிப்பதும், சோதனை முடிவுகளைக் கேட்டறிவதும் மக்களின் கடமை. இவற்றுள் ஒன்று தவறினாலும் கடைசியில் இருக்கும் குவளைநீர் கெடும்.

ஏலூர் மக்கள் தம் கிணற்றுநீரின் மாற்றத்தைக் கண்டு பேசாதிருக்கவில்லை. கேள்வி கேட்டனர், ஆய்வுகளுக்கு இடம் கொடுத்தனர், நீதிமன்றம் அமைத்த குழுவின் முன் தம் நிலையை எடுத்துரைத்தனர். அதன் பயனாகக் குழாய் வந்தது. ஓடையையும் ஆற்றையும் பழைய நிலைக்குக் கொணரும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அப்பணி முடியும்வரை, ஏலூரின் குழாயில் வரும் நீர் ஆலுவாவிலிருந்தே வர வேண்டும்.

சொல்லும் பொருளும்

- காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
- இருமருங்கும் – இரண்டு பக்கங்களிலும்
- செறிவு – ஒரு நீர்மத்தில் கலந்துள்ள பொருளின் அளவு
- உவர்ப்பு – உப்புத்தன்மை
- படிகாரம் – நீரைத் தெளிவிக்கும் ஒருவகை உப்பு
- மதகு – நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் உதவும் அமைப்பு
- மூலம் – தோன்றும் இடம்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கொதிக்க வைப்பதால் நீரிலிருந்து நீங்காதது
(அ) காலராக் கிருமி (ஆ) டைபாய்டு கிருமி (இ) காரீயம் (ஈ) வைரஸ்

2. 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்னும் நெறியை வலியுறுத்திய 1996ஆம் ஆண்டு வழக்கு எப்பகுதியைச் சார்ந்தது?
(அ) வைகை (ஆ) பாலாறு (இ) பெரியாறு (ஈ) காவிரி

3. மலையாளத்தில் 'தோடு' என்னும் சொல் குறிப்பது
(அ) காதணி (ஆ) கிணறு (இ) ஓடை (ஈ) வயல்

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. ஏலூரில் உரத் தொழிற்சாலை நிறுவப்பட்ட ஆண்டு ________.
2. நீரிலுள்ள நுண்துகள்களை ஒன்றுதிரட்டச் சேர்க்கப்படுவது ________.
3. குழாயின் கடைமுனையில் எஞ்சியிருக்க வேண்டிய கிருமிநீக்கி ________.

இ. பிரித்து எழுதுக.

1. நன்னீர்
2. வெந்நீர்
3. தண்ணீர்
4. நிலத்தடி

ஈ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. தெளிந்த நீர் அனைத்தும் தூய நீர் ஆகாது என்பது ஏன்?
2. நீர் நிறுத்தப்படும் வேளையில் குழாய்க்குள் மாசு புகுவது எவ்வாறு?
3. 'ஊருணி' என்னும் பெயர் எதனால் வந்தது?
4. வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றை மீட்பதற்கும், வேதி நஞ்சு கலந்த கிணற்றை மீட்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

உ. விரிவாக விடை தருக.

1. ஏலூருக்குத் தொழிற்சாலைகளால் விளைந்த நன்மை தீமைகளை ஒப்பிட்டு எழுதுக.
2. ஆற்றுநீர் குடிநீராகி வீட்டை அடையும் படிகளை விளக்குக. எந்தெந்தப் படியில் யார் பொறுப்பாவர் என்பதையும் குறிப்பிடுக.

ஊ. மொழித்திறன்

1. 'ஆறு' என்னும் சொல் எண்ணையும், நதியையும், வழியையும் குறிக்கும். மூன்று பொருளும் தோன்றத் தனித்தனித் தொடர்கள் எழுதுக.
2. 'நீர்மேல் எழுத்து', 'கிணற்றுத் தவளை' ஆகிய மரபுத்தொடர்களின் பொருளறிந்து தொடரில் அமைக்க.
3. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்னும் பழமொழியை இப்பாடக் கருத்துடன் பொருத்தி ஐந்து தொடர்கள் எழுதுக.

எ. செயல்பாடு

பள்ளியிலோ வீட்டிலோ வரும் குடிநீரின் பயணத்தைக் கண்டறிந்து வரைபடமாக வரைக. எந்த நீர்நிலையிலிருந்து எடுக்கப்படுகிறது, எங்கே தூய்மை செய்யப்படுகிறது, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, நீர் எப்போது சோதிக்கப்பட்டது ஆகிய விவரங்களை ஆசிரியர் துணையுடன் கேட்டறிந்து குறிக்கவும். விடை கிடைக்காத வினாக்கள் இருப்பின், அவற்றைத் தொகுத்து ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுக.